ஒரு சதவீதத் தோல்விக்கு யார் காரணம்? 2016 சட்டமன்றத் தேர்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

2016 மே 19. ராதாபுரம் தொகுதியில் கடைசிச் சுற்றை எண்ணி முடித்தபோது அதிமுகவின் இன்பதுரை வாங்கியிருந்தது 69,590 ஓட்டு. திமுகவின் அப்பாவு வாங்கியது 69,541. வித்தியாசம் 49. ஒரு கல்யாணப் பந்தியில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் ஆட்கள்தான் அந்த 49 பேர். அன்று மாலைக்குள் இதுபோன்ற எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. காட்டுமன்னார்கோவிலில் 87. கரூரில் 441. தென்காசியில் 462. ஒட்டப்பிடாரத்தில் 493. பெரம்பூரில் 519. இத்தனை இடத்திலும் ஜெயித்தது அதிமுக.

மறுபக்கமும் இப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலியில் திமுக 601 ஓட்டில் ஜெயித்தது. கடையநல்லூரில் கூட்டணிக் கட்சியான முஸ்லிம் லீக் 1,194 ஓட்டில் தப்பித்தது. ஆனால் தோற்றவன் வீட்டில்தான் கணக்குப் போடுவார்கள். அந்த வாரம் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளுக்குத் தமிழக அரசியலில் ஓடிய பேச்சு முழுக்க 'யாரால் போச்சு' என்பதுதான்.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் அந்தப் பேச்சுக்குக் காரணம் புரியும். பணப் பட்டுவாடாப் புகாரால் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் தள்ளிவைக்கப்பட்டதால் 232 தொகுதிகளில்தான் அன்று முடிவு வந்தது. அதிமுக 134. திமுக 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1, ஆக திமுக அணி 98. இடத்தில் 36 வித்தியாசம். ஆனால் அதிமுக வாங்கிய 40.8 சதவீதத்துக்கும் திமுக அணி மொத்தமாக வாங்கியதற்கும் இடையே இருந்தது ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஓட்டாகச் சொன்னால் நாலு லட்சத்துச் சொச்சம். தொகுதிவாரியாக வகுத்தால் ஒரு தொகுதிக்கு இரண்டாயிரம்கூட வராது. அதில் பாதிப் பேர் மனம் மாறியிருந்தால் மொத்த ஓட்டில் இரண்டு அணிகளும் சமம். மாநிலத்தில் அன்று இருந்த வாக்குச்சாவடிகள் 65 ஆயிரத்துக்கும் மேல். அப்படிப் பார்த்தால் ஒரு சாவடிக்கு மூன்று நான்கு பேர்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். மூன்று நான்கு பேர் வித்தியாசத்தில் தோற்கும்போது யாரை வேண்டுமானாலும் காரணம் காட்டலாம், ஒவ்வொரு கணக்கும் தனித்தனியே பார்த்தால் சரியாகவே வரும். அதனால் பழி, சுமத்துவதற்கு எளிதான ஆள் மீதுதான் போய் விழும். எந்தப் பழி சத்தமாகச் சொல்லப்பட்டது, எது அடங்கிய குரலில் சொல்லப்பட்டது, பிறகு எது திருத்தப்பட்டது என்று பார்த்தால் 2016 நமக்கு நிறையக் காட்டும்.

பழம் விழாத கதை

2011-ல் திமுக அணி மொத்தமே 31 இடம். 2014 மக்களவைத் தேர்தலில் பூஜ்யம். அதிமுக 39-ல் 37. அங்கிருந்து இரண்டே ஆண்டில் திமுக ஒரு சதவீத நெருக்கத்துக்கு வந்தது பெரிய மீட்சிதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், மதுவிலக்குக் கோரிக்கை, ஸ்டாலினின் 'நமக்கு நாமே' பயணம் எல்லாம் சேர்ந்து ஆட்சி மாறும் என்ற எண்ணத்தை வளர்த்திருந்தன. 1984-க்குப் பிறகு ஆளுங்கட்சி தொடர்ந்து ஜெயித்ததே இல்லை என்ற பழக்கமும் இருந்தது. வாக்குப்பதிவு முடிந்த அன்று வந்த கருத்துக் கணிப்புகளில் பலவும் திமுகவைக் காட்டின. அதனால்தான் தோல்வி இவ்வளவு கசந்தது. 2011-ல் அடி பலமாக விழுந்தது, யாரும் யாரையும் தேடவில்லை. 2016-ல் கைக்கு வந்தது போய்விட்டது என்ற எண்ணம்.

தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் திமுக மிகவும் எதிர்பார்த்தது விஜயகாந்தை. 2011-ல் அதிமுக அணியில் நின்று 29 இடங்களில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானவர். பழம் கனிந்து பாலில் விழும் என்று கருணாநிதியே நம்பிக்கையோடு பேசினார். மார்ச் 10 அன்று விஜயகாந்த் தனித்துப் போட்டி என்றார். மார்ச் 23 அன்று மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து அதன் முதல்வர் வேட்பாளரானார். வைகோ, திருமாவளவன், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் என நான்கு பேர் கூடிய அணி அது. ஏப்ரலில் வாசனின் தமாகாவும் வந்தது. தேமுதிகவில் ஒரு பகுதி சந்திரகுமார் தலைமையில் உடைந்து திமுக பக்கம் போனது. அவர்களுக்கு உதயசூரியன் சின்னத்தில் மூன்று இடம் கொடுக்கப்பட்டது. மூன்றிலும் தோல்வி.

சரி, இனி பழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

காங்கிரசுக்கு 41

முடிவு வந்த அன்றே கட்சிக்காரர்கள் வாயில் வந்த முதல் எண் 41. காங்கிரசுக்குக் கொடுத்த இடங்கள் 41, அது ஜெயித்தது 8. ஐந்துக்கு ஒன்றுகூட இல்லை. அதே தேர்தலில் திமுக தான் நின்ற இடங்களில் ஏறத்தாழ பாதியை ஜெயித்திருந்தது. காங்கிரசுக்குக் கொடுத்ததில் இருபதை நாமே வைத்துக்கொண்டிருந்தால் இந்நேரம் கோட்டையில் உட்கார்ந்திருப்போம் என்ற ஆதங்கம் கிளைக் கழகம் வரை பரவியிருந்தது.

இந்தக் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. போடுவோம். காங்கிரஸ் நின்ற 41 இடத்திலும் திமுகவே நின்று, தன் வழக்கமான வேகத்தில் பாதியை ஜெயித்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்குப் பதில் இருபது, இருபத்தொன்று. கூடுதலாகக் கிடைப்பது பன்னிரண்டு, பதின்மூன்று. 98-ஓடு சேர்த்தால் 110 அல்லது 111. பெரும்பான்மைக்கு 118 வேண்டும். அதிமுக அப்போதும் 121, 122 என்று ஆட்சியில்தான் இருந்திருக்கும். அதாவது காங்கிரஸ் மீதான பழி முழுக்க உண்மை என்றே வைத்தாலும், அது மட்டுமே முடிவை மாற்றியிருக்காது.

அதோடு இந்தக் கணக்கு ஒன்றை மறைக்கிறது. காங்கிரஸ் இல்லாமல் திமுக நின்றிருந்தால், மற்ற தொகுதிகளில் விழுந்த காங்கிரஸ் ஓட்டு என்னாகியிருக்கும்? 2014-ல் தனியாக நின்றபோது காங்கிரஸ் வாங்கியது 4.3 சதவீதம். தோல்வி ஒரு சதவீதத்தில் என்றால், அந்த நாலு சதவீதத்தில் கொஞ்சம் நழுவியிருந்தாலும் திமுக ஜெயித்த 89-லேயே பல போயிருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு இடங்களையும் பாருங்கள். திமுக மூன்று, காங்கிரஸ் மூன்று, அதிமுக ஒன்றுமில்லை. ஒருவரை ஒருவர் தாங்கியதால் வந்த முடிவு அது.

இதையெல்லாம் சொல்வது காங்கிரசுக்கு வக்காலத்து வாங்குவதற்காக இல்லை. 41 என்பது அன்றைய காங்கிரசுக்கு அதிகம்தான். 2014 இறுதியில் வாசன் பிரிந்து போய் கட்சி பாதியாகியிருந்தது. இருந்த பாதிக்குள்ளும் கோஷ்டிகள். ஆனால் 41 என்ற எண்ணைக் காங்கிரஸ் யாரையும் மிரட்டி எடுக்கவில்லை. பிப்ரவரியில் கூட்டணி முடிவாகி, ஏப்ரலில் திமுகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. விஜயகாந்த் வரமாட்டார் என்றான பிறகு கையில் இருந்த பெரிய கூட்டாளி காங்கிரஸ் ஒன்றுதான். பேரத்தில் எதிராளிக்கு வேறு ஆள் இல்லை என்று தெரிந்தால் கேட்பவன் கூடத்தான் கேட்பான்.

காங்கிரசுக்குள் இதே பழி திரும்பிப் பாய்ந்தது. திமுக தன்னால் ஜெயிக்க முடியாத இடங்களாகப் பார்த்துத் தள்ளிவிட்டது, உள்ளூர் திமுகவினர் உள்ளடி வேலை பார்த்தார்கள் என்று ஒரு தரப்பு. வேட்பாளர் தேர்வே கோஷ்டித் தலைவர்களுக்குள் பங்கு பிரித்ததுதான் என்று இன்னொரு தரப்பு. கரூரில் 441-லும் தென்காசியில் 462-லும் தோற்றவர்கள் காங்கிரஸ் வேட்பாளர்கள் என்பதால் இரண்டு பேச்சுக்குமே காது கொடுக்க ஆள் இருந்தது. ஜூன் மாதம் மாநிலத் தலைவர் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் ராஜினாமா செய்தார். செப்டம்பரில் திருநாவுக்கரசர் வந்தார். நடுவில் தலைவரே இல்லாமல் மூன்று மாதம் ஓடியது. அந்த மூன்று மாதத்தில் 41 தொகுதிகளிலும் என்ன நடந்தது என்று உட்கார்ந்து பார்த்திருக்கலாம். தலைவர் பதவி யாருக்கு என்ற பேச்சுதான் நடந்தது.

ஓட்டைப் பிரித்தவர்கள்

இரண்டாவது பழி மக்கள் நலக் கூட்டணி மீது. அதிமுகவின் 'பி டீம்' என்று பிரச்சாரத்திலேயே திமுகவினர் அதைச் சொல்லி வந்தார்கள். தேர்தலுக்குப் பிறகு அது முத்திரையாகவே குத்தப்பட்டது. தேமுதிக 104, மதிமுக 29, தமாகா 26, விடுதலைச் சிறுத்தைகள் 25, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் 25, 25. மொத்தம் 234 இடத்திலும் ஆள் நிறுத்தி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. விஜயகாந்தே உளுந்தூர்பேட்டையில் மூன்றாவதாக வந்து டெபாசிட் இழந்தார். ஆறு கட்சிகளும் சேர்ந்து வாங்கியது சுமார் 6 சதவீதம். திமுக அணி தோற்றது ஒரு சதவீதத்தில். ஆறில் ஒரு பங்கு வந்திருந்தாலும் போதுமே என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

ஆனால் இந்த ஆறும் திமுகவின் ஓட்டு என்று யார் சொன்னது? தேமுதிகவும் இடதுசாரிகளும் 2011-ல் அதிமுகவோடு நின்றவர்கள். தேமுதிகவின் ஓட்டு தொடக்கத்திலிருந்தே இரண்டு கழகங்களும் வேண்டாம் என்றவர்களின் ஓட்டு. அந்த அணி இல்லாமல் போயிருந்தால் அதில் ஒரு பகுதி திமுகவுக்கும், ஒரு பகுதி அதிமுகவுக்கும், மிச்சம் பாமகவுக்கும் போயிருக்கும். சிலர் ஓட்டுப் போடவே வந்திருக்க மாட்டார்கள். அதே தேர்தலில் பாமக தனியாக நின்று 5.3 சதவீதம் வாங்கியது. தனிக் கட்சியாகப் பார்த்தால் தேமுதிகவைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் ஓட்டைப் பிரித்தது பாமக என்று யாரும் பெரிதாகக் கூவவில்லை. பாமக யாருக்கும் உறவில்லை என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. வைகோவும் திருமாவும் கம்யூனிஸ்டுகளும் உறவாக இருந்தவர்கள். கோபம் உறவுக்காரன் மேல்தான் வரும்.

இங்கேதான் காட்டுமன்னார்கோவிலைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அதிமுகவின் முருகுமாறன் 48,450. திருமாவளவன் 48,363. மூன்றாவதாக வந்த திமுக அணியின் காங்கிரஸ் வேட்பாளர் 37 ஆயிரத்துச் சொச்சம். பாமக 25 ஆயிரத்துக்கு மேல். திமுகவின் பார்வையில் திருமாவளவன் ஓட்டைப் பிரித்தவர். காட்டுமன்னார்கோவிலில் நின்று பார்த்தால், 87 ஓட்டில் தோற்ற திருமாவளவனின் ஓட்டைப் பிரித்தது திமுக அணி. ஒரே தொகுதி, ஒரே நாள், ஒரே எண்கள். எண்ணுபவர் எந்த மேஜைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து குற்றவாளி மாறுகிறார். ஓட்டைப் பிரித்தார்கள் என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த ஓட்டு ஏற்கெனவே நம்முடையது என்ற உரிமை அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஓட்டு போட்டவரின் விருப்பம் அதில் எங்கேயும் இல்லை.

அந்த அணிக்குள்ளும் பழி வெடித்தது. தேமுதிகவைச் சேர்த்ததே தவறு, முதல்வர் வேட்பாளர் என்று ஒருவரை முன்னிறுத்தியதே தவறு என்ற குரல்கள் எழுந்தன. தேமுதிகவும் தமாகாவும் தங்கள் வழியில் போயின. வேட்புமனு தாக்கல் நேரத்தில் வைகோ கோவில்பட்டியில் போட்டியிடாமல் விலகியது பற்றிய கேள்வியும் சேர்ந்துகொண்டது. படை நடத்துபவரே களத்தில் இல்லை என்றால் பூத்தில் உட்கார்ந்திருக்கும் முகவருக்கு என்ன தெம்பு இருக்கும்? நவம்பர் இடைத்தேர்தல்களை நான்கு கட்சிகளும் புறக்கணித்தன. டிசம்பர் 27 அன்று மதிமுக வெளியேறியது. பதினான்கு மாதத்தில் அந்தப் பரிசோதனை முடிந்தது.

பணமும் தபால் ஓட்டும்

மூன்றாவது பழி பணத்தின் மீதும் தேர்தல் ஆணையத்தின் மீதும். வாக்குப்பதிவுக்கு முன்பு திருப்பூர் அருகே மூன்று கன்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. பாரத ஸ்டேட் வங்கி அது தன் பணம் என்றது. விவகாரம் சிபிஐ வரை போனது. இரண்டு தொகுதிகளில் தேர்தலையே நிறுத்தும் அளவுக்குப் பணம் ஓடியது ஆணையமே ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் அந்த இரண்டு தொகுதிகளிலும் இரு பெரிய கட்சிகள் மேலும் புகார் இருந்தது. தோற்ற பிறகு பணத்தைக் காரணம் சொல்லும் கட்சிக்கு இதனால் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். நவம்பரில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், திருப்பரங்குன்றம் மூன்றுக்கும் தேர்தல் நடந்து மூன்றிலும் அதிமுக ஜெயித்தது.

தோல்விக்குச் சொன்ன காரணங்களில் ஆதாரத்தோடு எழுந்து நின்றது ராதாபுரம் மட்டும்தான். அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தபாலில் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுச் சீட்டு ஒரு சிறிய உறைக்குள் இருக்கும். அதோடு ஓர் உறுதிமொழிப் படிவம். படிவத்தில் ஓட்டுப் போட்டவர் கையெழுத்திட்டு, அதற்கு அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். எண்ணும் மேஜையில் முதலில் படிவத்தைப் பார்ப்பார்கள். சான்றொப்பம் சரியில்லை என்று முடிவானால் உள்ளே இருக்கும் சிறிய உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். யாருக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாமலே அந்த ஓட்டு ஓரமாகப் போய்விடும். ராதாபுரத்தில் அப்படி ஒதுக்கப்பட்டவை 203. காரணம், சான்றொப்பம் இட்டவர் ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், அவருக்கு அந்தத் தகுதி இல்லை என்றார்கள். வித்தியாசம் 49, ஒதுக்கியது 203.

அப்பாவு நீதிமன்றம் போனார். 2019 அக்டோபர் 1 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளான 19, 20, 21-ஐயும் திரும்ப எண்ணச் சொன்னது. அந்தத் தலைமை ஆசிரியருக்குச் சான்றொப்பம் இடும் தகுதி உண்டு என்பதுதான் நீதிமன்றத்தின் பார்வை. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அன்றே உச்ச நீதிமன்றம் முடிவை அறிவிக்கத் தடை விதித்தது. எண்ணிய முடிவு வெளியே வராமலே அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிந்தது. ஐந்து ஆண்டு ஒரு தொகுதிக்கு யார் உறுப்பினர் என்ற சந்தேகம் தீராமலே போனது. கூட்டணித் தோழனைத் திட்டுவதற்கு ஒரு நாள் போதும். ஓர் உறையைப் பிரிக்க மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிறது. தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அது நடப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு.

அடங்கிய குரலில் பேசியது

இப்போது உரக்கப் பேசப்படாத காரணத்துக்கு வருகிறேன். கோவை மாவட்டத்தில் பத்துத் தொகுதிகள். திமுக ஜெயித்தது சிங்காநல்லூர் ஒன்றை. சேலத்தில் பதினொன்று. ஜெயித்தது சேலம் வடக்கு ஒன்றை. ஈரோட்டில் எட்டு. ஒன்றுமில்லை. இந்த மூன்று மாவட்டத்தில் மட்டும் 29 தொகுதிகள், அதில் திமுக 2. அதே தேர்தலில் சென்னையின் பதினாறில் திமுக பத்தை எடுத்தது. ஆட்சிக்குத் தேவைப்பட்டது இன்னும் இருபது இடம். அந்த இருபது எங்கே தவறியது என்று கேட்டால் விரல் மேற்கே போகிறது.

இந்தப் பழியைச் சுமத்துவதற்கு வெளியாள் யாரும் இல்லை. விஜயகாந்தைத் திட்டலாம், காங்கிரசைக் குறை சொல்லலாம். கொங்கு மண்டலத்துக்கு யாரைச் சொல்வது? சொந்த மாவட்டச் செயலாளர்களை, அவர்களுக்குள் இருந்த கோஷ்டிகளை, அவர்களைத் தேர்ந்தெடுத்த தலைமையை. 2008 தொடங்கிய மின்வெட்டுக் காலத்தில் அந்தப் பகுதியின் நூற்பாலைகளும் பம்புசெட் பட்டறைகளும் பட்ட பாட்டை மக்கள் மறக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். தோல்விக்குப் பிறகு சில மாவட்டச் செயலாளர்கள் மாற்றப்பட்டார்கள். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

இன்னொன்றும் மெதுவாகத்தான் பேசப்பட்டது. 92-ஐத் தொடும் வயதில் கருணாநிதியே முதல்வர் வேட்பாளர். மாநிலம் முழுக்கச் சுற்றியவர் ஸ்டாலின். அவரை முன்னிறுத்தியிருந்தால் அந்த மூன்று நான்கு பேர் திரும்பியிருப்பார்களா என்ற கேள்வி கட்சிக்காரர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தது, மேடைக்கு வரவில்லை. அதற்குக் காரணம் பயம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அறுபது ஆண்டு தங்களைச் சுமந்த தலைவர் மீது அந்த வயதில் பழி சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. 2017 ஜனவரியில் ஸ்டாலின் செயல் தலைவரானபோது அந்தக் கேள்வி தானாகவே முடிந்துபோனது.

ஜெயித்த கட்சியிலும் பழி இல்லாமல் இல்லை. நத்தம் விஸ்வநாதன், வைத்திலிங்கம், வளர்மதி, கோகுல இந்திரா என்று அமைச்சர்கள் பலர் தோற்றிருந்தார்கள். அங்கே விசாரணை, வாதம் எதுவும் வெளியே தெரியாது. ஒரே தேர்தலில் தோற்றவர்களில் வைத்திலிங்கம் மாநிலங்களவைக்குப் போனார். நத்தம் விஸ்வநாதன் கட்சியில் ஓரங்கட்டப்பட்டார்.

பிறகு நடந்தது

நெருக்கமான வெற்றி எவ்வளவு லேசானது என்பது ஆறே மாதத்தில் தெரிந்தது. 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா காலமானார். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி 122 பேரோடு தப்பித்தார். செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒவ்வோர் இடமும் எண்ணி எண்ணிப் பார்க்கப்பட்ட அந்த நாட்களில் ராதாபுரத்தின் 49-ம் கரூரின் 441-ம் எத்தனை பேர் நினைவுக்கு வந்திருக்கும்!

திமுக என்ன செய்தது? பேச்சில் திட்டிய இரண்டு தரப்பையும் பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார வைத்தது. 'பி டீம்' என்று சொல்லப்பட்ட நான்கு கட்சிகளும் 2019 மக்களவைத் தேர்தலில் திமுக அணியில் நின்றன. காங்கிரசும் நின்றது. தமிழகத்தின் 39-ல் 38 கிடைத்தது. போன ஒரே இடம் தேனி. அங்கே தோற்றவர் இளங்கோவன். 2021-ல் காங்கிரசுக்கு 41 குறைந்து 25 ஆனது. அதில் 18-ல் ஜெயித்தது. விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஆறு, ஜெயித்தது நான்கு. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் ஆறு ஆறு, ஜெயித்தது இரண்டு இரண்டு. இந்த இடத்தில் திமுகவைப் பாராட்ட வேண்டும். கோபத்தில் சொன்னதைக் கொள்கையாக்கிக்கொள்ளவில்லை. ஐந்து ஆண்டுக்கு முன் பழி சுமந்தவர்களுக்கு அழுத்தமான பேரம் பேசித்தான் இடம் கொடுத்தது, ஆனால் கொடுத்தது.

காட்டுமன்னார்கோவிலில் 2021-ல் விடுதலைச் சிறுத்தைகளின் சிந்தனைச்செல்வன் திமுக அணியில் நின்றார். 86 ஆயிரத்தைத் தாண்டினார். 2016-ல் திருமாவளவனும் காங்கிரஸ் வேட்பாளரும் வாங்கியதைக் கூட்டினால் 85 ஆயிரத்துச் சொச்சம். எதிரே அதே முருகுமாறன், இந்த முறை பாமக துணையோடு. 75 ஆயிரத்துக்கு மேல் வாங்கினார். 2016-ல் அவருடையதும் பாமகவுடையதும் சேர்ந்தால் அதை ஒட்டித்தான் வருகிறது. ஐந்து ஆண்டில் வாக்காளர்கள் மாறியிருப்பார்கள், புதியவர்கள் வந்திருப்பார்கள், இது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த இரண்டு கூட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. ராதாபுரத்தில் அப்பாவு அதே இன்பதுரையை ஜெயித்து சபாநாயகர் ஆனார். தென்காசியில் 462-ல் தோற்ற காங்கிரசின் பழனி நாடார் 370-ல் ஜெயித்தார்.

அப்புறம் கோவை. 2011-ல் திமுகவுக்கு அந்த மாவட்டத்தில் பூஜ்யம். 2016-ல் ஒன்று. மாநிலம் முழுக்க அலை அடித்து ஆட்சியைப் பிடித்த 2021-ல், கூட்டணிக் கணக்கு எல்லாம் திருத்தப்பட்டுக் காங்கிரசும் திருமாவும் வைகோவும் தோழர்களும் ஒரே அணியில் நின்ற அந்தத் தேர்தலில், கோவையின் பத்தில் திமுக அணிக்கு மறுபடி பூஜ்யம். அதற்குப் பிறகுதான் செந்தில்பாலாஜியைப் பொறுப்பு அமைச்சராகக் கோவைக்கு அனுப்பி, வார்டு வார்டாக வேலையைத் தொடங்கினார்கள். 2022 பிப்ரவரியில் கோவை மாநகராட்சி திமுக கைக்கு வந்தது.